ஞாயிறு கேட்ட பிரசங்கம் புதன்வரை நிற்கவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

பிரசங்கிக்கத் தொடங்கியிருக்கும் இளம் ஊழியர்கள் தங்கள் குறிப்புகளைக் கொண்டுவந்து, "எங்கே இடிக்கிறது, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்பார்கள். பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது, குறைகள் ஆளுக்கு ஆள் புதிதாக வருவதில்லை. ஏழெட்டுக் குறைகள்தான் மாறி மாறி வருகின்றன. அவற்றைத்தான் இங்கே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் சுலபமான காரணம் முதலில் வரும், அதிக உழைப்பு கேட்பது கடைசியில் வரும். முதல் காரணத்திலேயே தீர்ந்துவிட்டால் கீழே போக வேண்டாம்.

ஜெபத்தை இதில் ஒரு படியாகப் போடவில்லை. அது எல்லாப் படிக்கும் முன்னால் இருக்க வேண்டியது. ஆனால் ஜெபித்தோம் என்ற காரணத்தால் குறிப்பைத் திருத்தாமல் விடுவதும் சரியல்ல.

## முதலில் செய்ய வேண்டியது: புதன்கிழமை மூன்று கேள்வி

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது கிடைக்கும் "நல்ல செய்தி பாஸ்டர்" என்ற வார்த்தையை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். அது அன்பில் சொல்வது. செய்தி உள்ளே இறங்கியதா என்பது அதில் தெரியாது.

புதன் அல்லது வியாழன் மூன்று பேரிடம் பேசுங்கள். நெடுநாள் விசுவாசி ஒருவர், படிக்கிற வயதில் ஒருவர், சபைக்குப் புதிதாக வருகிறவர் ஒருவர். உங்கள் வீட்டாரைக் கேட்க வேண்டாம், சனிக்கிழமையே அவர்கள் பாதிப் பிரசங்கத்தைக் கேட்டிருப்பார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும். அதனால் இப்படிக் கேளுங்கள்:

எந்த வேதபகுதியை வாசித்தோம்? அதிலிருந்து நான் என்ன சொன்னேன்? அதனால் இந்த வாரம் ஏதாவது செய்தீர்களா, அல்லது செய்வதை நிறுத்தினீர்களா?

அடுத்த செய்தியைத் தயாரிக்க உதவும் என்பதற்காகக் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கூசிப்போவார்கள். வரும் பதிலை வைத்துப் பிரியுங்கள்:

- ஒன்றும் நினைவில்லை, அல்லது மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்: அறிகுறி 1
- கதை மட்டும் நினைவிருக்கிறது: அறிகுறி 2
- "நடுவில் கவனம் போய்விட்டது": அறிகுறி 3
- சரியாகச் சொல்கிறார்கள், ஆனால் எதுவும் செய்யவில்லை: அறிகுறி 4
- "யாரையோ திட்டின மாதிரி இருந்ததே": அறிகுறி 5
- "இதைத்தானே போன மாதமும் சொன்னீர்கள்": அறிகுறி 6
- பதில் எல்லாம் நன்றாக இருக்கிறது, சபையில் மட்டும் அசைவே இல்லை: அறிகுறி 7
- கேட்கிறவர்களை விடுங்கள், உங்களுக்குள்ளேயே வறட்சி: அறிகுறி 8

## அறிகுறி 1: ஒன்றும் நினைவில் நிற்கவில்லை

அதிகம் வருவது இதுதான். மற்றவற்றில் பாதி இதிலிருந்தே முளைக்கும்.

### காரணம் அ: ஒரு பிரசங்கத்துக்குள் மூன்று பிரசங்கம்

குறிப்பை எடுத்து, முதன்மை வேதபகுதிக்கு வெளியே நீங்கள் திருப்பச் சொல்லும் வசனங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். அடித்த பிறகும் சொல்ல வந்தது அப்படியே நிற்கிறதென்றால் அந்த வசனம் அன்றைக்குத் தேவையில்லை. "விசுவாசம்" என்ற சொல் வரும் இடங்களை ஒத்தவாக்கியத்தில் (ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூலில்) தேடி வரிசையாக வாசிப்பது தயாரிப்பு அல்ல. ஜனங்கள் பக்கம் திருப்புவதிலேயே இருப்பார்கள், நீங்கள் அடுத்த வசனத்துக்குப் போயிருப்பீர்கள்.

அப்புறம் உட்தலைப்புகளைப் பாருங்கள். மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவது பிரசங்கிக்கு உதவும். கேட்கிறவருக்கு உதவ வேண்டுமானால் இரண்டாவது முதலாவதிலிருந்து பிறக்க வேண்டும்.

### காரணம் ஆ: தலைப்பு உண்டு, வாக்கியம் இல்லை

"இந்த வாரம் என்ன செய்தி?" என்று கேட்டால் "விசுவாசத்தைப் பற்றி" என்று பதில் வருகிறதா? கோளாறு அங்கேதான் இருக்கிறது. "பற்றி" என்ற சொல்லே வராமல், எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரே வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும்.

மாற்கு 4:35-41, இயேசு புயலை அடக்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான குறிப்புகளில் மேலே இருக்கும் தலைப்பு "புயலின் நடுவே இயேசு". வாக்கியம் கேட்டால் முதலில் வருவது: "இயேசு நம் வாழ்வின் புயல்களை அடக்குகிறார்." பொய்யில்லை. ஆனால் கேட்கிறவர் பல முறை கேட்டது. அது அவருக்குள் போய் எதையும் தொடாது.

இப்போது பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்வேன். 35ஆம் வசனத்தில் "அக்கரைக்குப் போவோம் வாருங்கள்" என்று சொன்னது யார்? இயேசு. அப்படியானால் சீஷர்கள் புயலில் மாட்டிக்கொண்டது யோனாவைப் போல ஓடியதாலா? இல்லை, அவர் சொன்னபடி செய்ததால். வாக்கியம் இப்படி மாறுகிறது: "சீஷர்களைப் புயலுக்குள் கொண்டுபோனது அவர்கள் கீழ்ப்படிந்த கட்டளைதான், கட்டளையிட்டவரும் அதே படகில் இருந்தார்."

இதைக் கேட்கும்போது சபையில் ஒருவர் நிமிர்வார். வேலை போனதற்கோ பிள்ளை நோயில் கிடப்பதற்கோ "நான் என்ன பாவம் செய்தேனோ" என்று மாதக்கணக்கில் தன்னையே குடைந்துகொண்டிருக்கிறவர் அவர். இந்த வாக்கியத்தை அவர் குறித்துவைக்க வேண்டியதில்லை. அதுவே அவரோடு வீட்டுக்குப் போகும்.

சோதனை: வாக்கியத்தை ஒரு சிறு தாளில் எழுதி, பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் ஒரு முறை வாசித்துக்காட்டுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் வாக்கியம் இன்னும் நீளம், அல்லது இன்னும் இரண்டாகவே இருக்கிறது.

### காரணம் இ: வாக்கியம் பகுதியிலிருந்து வரவில்லை

அந்த வாக்கியத்தை வேறு ஐந்து பகுதிகளிலிருந்தும் பிரசங்கிக்கலாமா? அப்படியென்றால் அது உங்களிடம் ஏற்கெனவே இருந்தது, வேதபகுதி அதற்குச் சாக்கு. இதற்கு மருந்து நேரம்தான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வியாக்கியான நூலைத் திறக்காமல் பகுதியைச் சத்தமாகப் பல முறை வாசியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எது திரும்ப வருகிறது, எது எதிர்பாராதது என்று பார்த்ததையெல்லாம் எழுதுங்கள். மாற்குவின் பகுதியில் காற்று அடங்கிய பிறகு, அதாவது ஆபத்து போன பிறகுதான், சீஷர்கள் "மிகவும் பயந்து" என்று 41ஆம் வசனம் சொல்கிறது. அவசரமாகப் படிக்கிறவருக்கு இது தட்டுப்படாது. இப்படி ஒன்றாவது கண்ணில் பட்ட பிறகு வியாக்கியானத்தைத் திறங்கள், அப்போது அது நீங்கள் கண்டதைத் திருத்தும், ஆழப்படுத்தும்.

### காரணம் ஈ: நீங்கள் இன்னும் அதைக் கேட்கவில்லை

இது கடினமானது. எஸ்றா 7:10-ல் வரிசையைக் கவனியுங்கள்: வேதத்தை ஆராய, அதின்படி செய்ய, பிறகு உபதேசிக்க. நடுவிலுள்ளதைத் தாண்டிக் குதிக்கிறோம். யூடியூபில் கேட்ட பிரசங்கத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லும்போது நடப்பதும் இதுதான். வார்த்தைகள் வந்துவிடும், அவற்றைப் பெற்றவர் கடந்து வந்த வாரம் நம்மிடம் இருக்காது. மூன்றாவது கேள்வியைச் சனிக்கிழமை உங்களிடமே கேளுங்கள்: இந்த வாக்கியத்தால் இந்த வாரம் நான் என்ன செய்தேன்? பதில் இல்லையென்றால் குறைந்தது ஒரு காரியத்தை அன்றே செய்யுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவருக்கு போன் போடுவதாக இருக்கலாம். ஞாயிறு அதை மேடையில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

யாரை அழைப்பது: எபிரெயர் 6:4-6, 1 பேதுரு 3:19 போன்ற பகுதிகளில் பெரிய அறிஞர்களே பிரிந்து நிற்கிறார்கள். அங்கே உங்கள் வாக்கியம் ஒரு விளக்கத்தை மட்டும் நம்பி நிற்கிறது என்றால், இறையியல் கல்லூரியில் வேதம் கற்பிக்கும் ஒருவரிடம் காட்டாமல் மேடை ஏறாதீர்கள். அந்த வாரத்துக்குள் ஆள் கிடைக்கவில்லையா, பகுதியைத் தள்ளிவையுங்கள்.

## அறிகுறி 2: கதை நினைவிருக்கிறது, வசனம் இல்லை

காரணம் அ, கதை நீளம். பதிவைப் போட்டு நேரம் பாருங்கள். உதாரணம் எடுத்துக்கொண்ட நேரம், அது விளக்க வந்த வசனம் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதிகமா? தாவீதிடம் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதை 2 சாமுவேல் 12-ல் நான்கே வசனம். தாவீது கோபத்தில் கொதிக்கும்போதே "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் திரும்பிவிட்டான். கதை அவனை ராஜாவின் மனச்சாட்சிவரை கொண்டுபோய் விட்டது, அங்கே அதன் வேலை முடிந்தது.

காரணம் ஆ, கதைதான் முதலில் பிறந்தது. நல்ல கதை ஒன்று கிடைத்து, அதற்கு வசனம் தேடியிருப்பீர்கள். கதை இருக்கும் பகுதியைத் தாளால் மூடிவிட்டு மீதியை வாசியுங்கள். பிரசங்கம் நிற்கவில்லை என்றால் கதையை வேறொரு நாளுக்கு எடுத்துவையுங்கள்.

காரணம் இ, கதையின் நாயகன் நீங்கள். சாட்சி சொல்வது நல்லதே. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஜெபித்து ஜெயித்தவர் பிரசங்கியாகவே இருந்தால், ஜனங்கள் உங்களை வியப்பார்கள், தங்களுக்கு அது கிடைக்காது என்று முடிவும் செய்துவிடுவார்கள். சபையார் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பெயரை மறைத்தால் போதாது, சின்ன சபையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

## அறிகுறி 3: நடுவில் கவனம் போகிறது

முதலில் மண்டபத்தைப் பாருங்கள், ஆவிக்குரிய காரணம் தேட அவசரப்படாதீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, வேறொருவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். எதிரொலி வருகிறதா, ஸ்பீக்கர் இரைகிறதா, காற்று இல்லையா? துரோவாவில் பவுல் பேசும்போது ஐத்திகு தூங்கி விழுந்ததை எழுதிய லூக்கா, நேரம் நடுராத்திரி என்பதையும் மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிந்தன என்பதையும் சேர்த்தே எழுதுகிறார் (அப்போஸ்தலர் 20:7-9). பேசியது பவுல்தான், ஆனாலும் அந்த வாலிபனுக்குத் தூக்கம் வந்தது.

அது சரியாக இருந்தால் பதிவைக் கேளுங்கள். எந்த நிமிடத்தில் உங்களுக்கே சலிக்கிறது என்று குறியுங்கள். அநேகமாக அந்த இடத்தில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, எழுதியதை அப்படியே வாசித்திருப்பீர்கள். எழுத்து வாக்கியம் காதுக்கு நீளம், மூச்சு விடும் இடத்தில் உடையுங்கள். இன்னொன்று, முன்பே சொன்னதை வேறு வார்த்தையில் சொல்லியிருப்பீர்கள். அந்த இடத்தில் குரலை உயர்த்துவதும் "ஆமென் சொல்லுங்கள்" என்று கேட்பதும் கவனத்தை அரை நிமிடத்துக்குத்தான் மீட்கும். சொல்லி முடித்துவிட்டீர்கள் என்றால் முடித்துவிடுங்கள்.

## அறிகுறி 4: அழுகிறார்கள், முன்னே வருகிறார்கள், எதுவும் மாறவில்லை

எசேக்கியேலுக்கு இருந்த அதே சங்கடம் இது. இனிய குரலில் பாடுகிறவனின் பாட்டைக் கேட்பதுபோல அவனைக் கேட்டார்கள், அதன்படி செய்யவில்லை (எசேக்கியேல் 33:31-32).

### காரணம் அ: செய்யச் சொன்னது காற்றில் நிற்கிறது

உங்கள் குறிப்பில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "அதிகமாய் ஜெபிப்போம், ஒருவரையொருவர் நேசிப்போம், அவருக்காக வாழ்வோம்" என்று இருக்கிறதா? யாரும் மறுக்க மாட்டார்கள், யாருக்கும் திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்றும் தெரியாது.

லூக்கா 3:10-14-ஐ இதற்காகவே ஒவ்வொரு இளம் ஊழியரையும் வாசிக்கச் சொல்கிறேன். "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று மூன்று கூட்டத்தார் யோவான்ஸ்நானனிடம் கேட்கிறார்கள். பொது ஜனங்களுக்கு: இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு. வரி வசூலிக்கும் ஆயக்காரருக்கு: கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே. போர்ச்சேவகருக்கு: இடுக்கண் செய்யாதே, பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு. மனந்திரும்புங்கள் என்ற ஒரே செய்தி, ஆனால் ஒவ்வொருவரும் கை வைத்துப் பிழைக்கிற இடத்தில் போய் நிற்கிறது. ஆயக்காரனை ஆயத்துறையைவிட்டுப் போ என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். நாளைக் காலை அதே மேஜையில் உட்கார்ந்து, வழக்கமாக வாங்கும் அந்த அதிகப்படியை வாங்காமல் இருக்க வேண்டும். அது எவ்வளவு கடினம் என்று அவனுக்கு மட்டும் தெரியும்.

சோதனை: வெள்ளிக்கிழமை, சபையில் உள்ள மூன்று பேரை மனதில் நிறுத்துங்கள். ஒரு விதவை, தேர்வுக்குப் படிக்கும் மாணவன், கணக்கு எழுதும் அலுவலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாக்கியம் இவர்களுக்கு எந்த இடத்தில், எந்த நேரத்தில் செயலாகும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அவர்களை உங்களுக்குத் தெரியவில்லை.

### காரணம் ஆ: அவர்களைத் தெரியவில்லை

இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. வீடு சந்திக்கப் போங்கள். வாரத்தில் ஒரு மாலை வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு அவர்கள் பேசக் கேளுங்கள். கடன், மாமியார், மேலாளர், தூக்கமின்மை, இவற்றைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்ட பிறகு எழுதும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும்.

### காரணம் இ: இசை அழவைத்தது, வசனம் அல்ல

பிரசங்க முடிவில் முன்னே வரும்படி அழைப்பு கொடுக்கும்போது கீபோர்டு வாசிக்காமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள். முன்னே வருகிறவர்கள் குறையலாம். வருகிறவர்களிடம் அதே வாரத்தில் உட்கார்ந்து பேச உங்களுக்கு நேரம் இருக்கும்.

யாரை அழைப்பது: அழைப்புக்கு வந்தவர் வீட்டில் அடிபடுவதையோ, சாக வேண்டும் என்ற எண்ணத்தையோ, குடிக்கு அடிமையானதையோ சொன்னால் பிரசங்கத்தால் அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். உடனிருந்து ஜெபியுங்கள், அன்றே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கொண்டுசேருங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

## அறிகுறி 5: திட்டியதுபோல் இருந்தது என்கிறார்கள்

குறிப்பில் "நீங்கள்" வரும் இடங்களைச் சுற்றிப் பாருங்கள். கடிந்துகொள்ளும் இடங்களில் மட்டும் "நீங்கள்", ஆசீர்வாத இடங்களில் மட்டும் "நாம்" என்று இருந்தால் அதைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்து, பிரசங்கத்தில் தேவன் ஏதாவது செய்கிறாரா, அல்லது எல்லா வினைச்சொல்லும் ஜனங்கள் தலையில் விழுகிறதா? எபேசியர் நிருபத்தின் முதல் மூன்று அதிகாரங்கள் தேவன் செய்ததைச் சொல்கின்றன. நான்காம் அதிகாரம் "ஆதலால்" என்று தொடங்கி, நாம் நடக்க வேண்டிய விதத்துக்கு வருகிறது. அந்த "ஆதலால்" உங்கள் குறிப்பில் எங்கே?

கடைசிக் காரணம்: எழுதும்போது ஒருவருடைய முகம் கண்முன் வந்துகொண்டே இருந்தது. அப்படியானால் அது பிரசங்கத்துக்குரிய விஷயம் இல்லை. மத்தேயு 18:15 தனித்துப் பேசச் சொல்கிறது. முதலில் அவரிடம் போங்கள். பேச்சு முறிந்துபோனால் இருவரும் மதிக்கும் மூத்த ஊழியரை நடுவில் வையுங்கள். அது முடியும்வரை அந்தப் பகுதியைப் பிரசங்கிக்க வேண்டாம்.

## அறிகுறி 6: எந்தப் பகுதி எடுத்தாலும் ஒரே செய்தி

கடைசியாகச் செய்த பத்துப் பன்னிரண்டு பிரசங்கங்களின் வேதபகுதியையும் ஒற்றை வாக்கியத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். பழைய ஏற்பாடு எத்தனை, சுவிசேஷம் எத்தனை, நிருபம் எத்தனை என்பது கண்ணில் படும்.

அநேகமாகக் காரணம், தனி வசனமாக எடுப்பது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே" என்ற பிலிப்பியர் 4:13-ஐத் தனியாக எடுத்தால் வெற்றிச் செய்தி ஆகிவிடும். மேலே இரண்டு வசனம் சேர்த்து வாசித்தால், குறைவிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்ட கைதியான பவுலின் பேச்சு அது. எரேமியா 29:11-ம் அப்படித்தான். அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதே கடிதம் பாபிலோனில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று சிறைப்பட்டவர்களுக்குச் சொல்கிறது. அந்த வசனத்தை உடனடி விடுதலையாகச் சொன்னால் மூன்று மாதத்தில் கேட்டவர் சோர்ந்துபோவார். எழுபது வருஷத்தோடு சேர்த்துச் சொன்னால், காத்திருக்கிறவருக்கு அது நெடுநாள் தாங்கும்.

சரிசெய்ய ஒரு வழி: ஒரு சின்ன புஸ்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் பிரசங்கியுங்கள். யோனா நான்கு அதிகாரம், ரூத் நான்கு அதிகாரம். பிடித்த வசனத்துக்குத் தாவ முடியாதபடி பகுதியே உங்களைக் கட்டிவைக்கும்.

## அறிகுறி 7: குறை ஒன்றும் தெரியவில்லை, அசைவும் இல்லை

மேலே உள்ளதையெல்லாம் பார்த்தாயிற்று, புதன்கிழமைப் பதில்களும் நன்றாக இருக்கின்றன என்றால், பிரசங்கத்தை மாற்றாதீர்கள். ஏசாயா அழைக்கப்பட்ட அன்றே, ஜனங்கள் கேட்டும் உணர மாட்டார்கள் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது (ஏசாயா 6:9-11). மத்தேயு 13-ல் விதைக்கிறவன் ஒருவன், விதையும் ஒன்று, நிலம் நான்கு. இந்த நிலையில் நான் பார்க்கும் தவறு, பொறுக்க முடியாமல் நல்ல தயாரிப்பைக் கைவிட்டு, கைதட்டல் வாங்கும் பாணிக்குத் தாவுவது. ஒரு வருஷமாவது அதே வழியில் போங்கள். அதுவரை தனியாக மூன்றாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள். மாற்றம் பெரும்பாலும் மேடையிலிருந்து தெரியாத இடங்களில்தான் முதலில் வரும்: ஒருவர் தம்பியோடு பேசத் தொடங்கியிருப்பார், இன்னொருவர் கணக்கைத் திருத்தியிருப்பார்.

## அறிகுறி 8: பிரசங்கிக்கே வறட்சி

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருந்தால், முதலில் நாட்குறிப்பைப் பாருங்கள். தயாரிப்புக்கு ஒதுக்கிய காலைநேரம் யார் யாருக்குப் போயிற்று? சபைக் குழுவிடம் சொல்லி, வாரத்தில் இரண்டு காலைகளை அவசரம் தவிர எதற்கும் கொடுக்காமல் காத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தும் வரவில்லை என்றால் அடுத்தது உடம்பு. 1 இராஜாக்கள் 19-ல் சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு முறை. பேசியது அதற்குப் பிறகு. ஒரு ஞாயிறு வேறொருவரைப் பிரசங்கிக்கச் சொல்லிவிட்டு, மனைவி பிள்ளைகளோடு சபையில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகும் வேதத்தைத் திறக்கவே மனம் வரவில்லை என்றால், மறைத்துவைத்த பாவமோ ஆறாத காயமோ இருக்கலாம். அதை உங்கள் சபைக்கு வெளியே உள்ள, ரகசியம் காக்கும் மூத்த ஊழியர் ஒருவரிடம் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல், நம்பிக்கையற்று இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை, சிகிச்சை உள்ள நோய்.

தொண்டைக்கும் இதே விதிதான். வாராவாரம் கத்திப் பேசி வரும் கரகரப்பு ஒன்றிரண்டு நாள் பேச்சைக் குறைத்தால் தணியும். மூன்று வாரம் தாண்டியும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் பார்க்கும்வரை மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்து, சாதாரணக் குரலில் பேசுங்கள்.